ரேடியோகிராஃபி படித்தவர்களுக்குப் பேராசிரியர், ஆராய்ச்சிப் பாதை உண்மையில் இருக்கிறதா?

கோவை_சிடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. மெடிக்கல் இமேஜிங் டெக்னாலஜி முடித்துவிட்டு, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிடி, எம்ஆர்ஐ இரண்டிலும் வேலை பார்க்கிறேன். இப்போது ஓர் அலைட் ஹெல்த் (மருத்துவம் சார்ந்த துணைப் படிப்புகள்) கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. ஆனாலும் பாடம் சொல்லித்தருவது எனக்கு மிகவும் பிடிக்கும். இன்டர்ன் பிள்ளைகள் சந்தேகம் என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அப்புறம் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

வீட்டில், "கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு யாராவது குறைந்த சம்பளத்துக்குப் போவார்களா?" என்கிறார்கள். டிபார்ட்மென்ட் சீனியர்கள், "ஆராய்ச்சி எல்லாம் எம்.டி. படித்த டாக்டர்கள் வேலை" என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஒரு ரேடியோகிராஃபர் (எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பவர்) ஆராய்ச்சி செய்ய உண்மையாகவே விஷயம் இருக்கிறதா? யாரைக் கேட்டாலும் ஏஐ ஏஐ என்கிறார்கள். எனக்கு புரோகிராமிங் தெரியாது. இங்கேயே செய்யலாமா, இல்லை இங்கிலாந்து, அயர்லாந்து என்று போய்விடுவது நல்லதா? இந்தப் பாதையில் நடந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

டார்க்ரூம்_சீனியர் எழுதியது:

அம்மா, நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சி.ஆர்.ஏ. (எக்ஸ்ரே உதவியாளர்) கோர்ஸ் படித்து வந்தேன். சென்னை ஜி.எச்.சில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-லேயே தொடங்கிவிட்டது. டாக்டர்களுக்கு அவ்வளவு பழைய மரபு இருந்தும், மெஷின் பக்கத்தில் நிற்கிற எங்களுக்குப் பட்டப்படிப்பு என்று ஒன்று வர நெடுங்காலம் ஆனது. அதனால்தான் உங்கள் சீனியர்கள் அப்படிப் பேசுகிறார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஒன்று சொல்கிறேன். ஃபிலிம் காலத்தில் எம்ஏஎஸ் (எக்ஸ்ரேயின் அளவு) கூடினால் படம் கறுத்துவிடும், குறைந்தால் வெளுத்துவிடும். எங்கள் தப்பு லைட் பாக்ஸில் அப்போதே தெரிந்துவிடும். சிஆர், டிஆர் என்ற டிஜிட்டல் எக்ஸ்ரே முறைகள் வந்த பிறகு அந்தக் கண்டிப்பு போய்விட்டது. எக்ஸ்போஷர் குறைந்தால் படம் மணல் மணலாகத் தெரியும், டாக்டர் சத்தம் போடுவார். கூடினாலோ படம் பளிச்சென்று வரும், யாரும் எதுவும் கேட்பதில்லை. மனிதர் என்ன செய்வார்? திட்டு வாங்காமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார். கூடுதல் கதிர்வீச்சு டோஸ் முழுவதும் நோயாளியின் உடம்பில் இறங்கும். இதைத்தான் டோஸ் க்ரீப் என்கிறார்கள்.

2008-ல் வந்த சர்வதேசத் தரத்துக்குப் பிறகு மெஷின்கள் டீவியேஷன் இண்டெக்ஸ் என்று ஓர் எண்ணைக் காட்டுகின்றன. பூஜ்யம் என்றால் இலக்கு. பிளஸ் 3 என்றால் தேவைப்பட்டதைப்போல் இரு மடங்கு, மைனஸ் 3 என்றால் பாதி. நாளைக்குப் போய் உங்கள் எக்ஸ்ரே அறையில் எடுத்த செஸ்ட் படங்களில் அந்த எண்ணை மட்டும் வரிசையாகப் பாருங்கள். ரிப்போர்ட் எழுதும் டாக்டர் அதைப் பார்ப்பதே இல்லை. கன்சோலில் உட்காருகிறவர்தான் பார்க்கிறார். அவர் கேட்காவிட்டால் அந்தக் கேள்வியை வேறு யார் கேட்பார்கள்?

ஃபேண்டம்_மலர் எழுதியது:

சீனியர் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே சிடி டோஸில் பிஎச்.டி. செய்கிறேன். கோவை_சிடி, நீங்கள் சிடியில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் தலைப்பு டயக்னாஸ்டிக் ரெஃபரன்ஸ் லெவல், சுருக்கமாக டிஆர்எல். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐசிஆர்பி 1996-ல் இந்தக் கருத்தைப் பரிந்துரைத்தது. எப்படிக் கணக்கிட வேண்டும் என்று 2017-ல் வந்த 135-ஆம் அறிக்கையில் விளக்கமாக இருக்கிறது. வேலை எளிமையானதுதான். ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு குறிப்பிட்ட ஸ்கேனுக்குக் குறைந்தது 20 பெரியவர்களின் சிடிடிஐவால், டிஎல்பி என்ற டோஸ் அளவுகளை எடுத்து, அவற்றின் இடைநிலை அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப் பல மருத்துவமனைகளின் இடைநிலை அளவுகளை வரிசைப்படுத்தினால், முக்கால் பங்கு மருத்துவமனைகள் எந்த எண்ணுக்குக் கீழே வருகின்றனவோ அதுதான் டிஆர்எல். உங்கள் இடம் அதற்கு மேலே இருந்தால் ஏன் என்று தேட வேண்டும். தனி ஒரு நோயாளிக்கான உச்ச வரம்பு அல்ல இது. பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண் எடுப்பது எளிது. அந்த எண்ணை நம்பலாமா என்று கண்டுபிடிப்பதில்தான் ஒரு ரேடியோகிராஃபரின் அனுபவம் கை கொடுக்கிறது. குழந்தைகளின் வயிற்று ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மெஷின் 16 செ.மீ. ஃபேண்டமை (உடலுக்குப் பதிலாக வைத்து அளக்கும் பிளாஸ்டிக் உருளை) வைத்து டோஸைக் காட்டும், இன்னொன்று 32 செ.மீ. ஃபேண்டமை வைத்துக் காட்டும். ஒரே டோஸுக்கு முதல் மெஷினின் எண் ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும். இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே எக்செல் பத்தியில் போட்டால் ஆய்வு முழுவதும் வீண். அதேபோல் மூன்று ஃபேஸ், அதாவது மூன்று சுற்று, எடுத்த ஸ்கேனின் மொத்த டிஎல்பியையும் ஒரே ஃபேஸ் எடுத்ததன் டிஎல்பியையும் சேர்த்துவிடக் கூடாது. டோஸ் ரிப்போர்ட் பக்கத்தைத் தினமும் பார்த்துப் பழகியவருக்கு இதெல்லாம் உடனே கண்ணில் படும்.

அப்புறம் மேசை உயரம். நோயாளி ஐசோசென்டரில் (மெஷின் வளையத்தின் நடுவில்) இல்லாமல், ஸ்கவுட் (முன்னோட்டப் படம்) எடுக்கும்போது டியூபுக்கு நெருக்கமாகப் போய்விட்டால், படத்தில் அவர் உள்ளதைவிடப் பெருத்துத் தெரிவார். மெஷின் அதை நம்பி எம்ஏவை (எக்ஸ்ரே டியூபின் மின்னோட்டத்தை) கூட்டிவிடும். ஸ்கேன் எல்லையை எங்கே தொடங்குகிறோம், எங்கே முடிக்கிறோம் என்பதும் நம் கையில்தான். வயிற்று ஸ்கேனை நெஞ்சின் பாதியிலிருந்தே தொடங்குவதை எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறோம்! புதிய மெஷின் வாங்காமல், ஒரு ரூபாய் செலவில்லாமல் குறைக்கக்கூடிய டோஸ் இது. இதில் உருப்படியான ஒரு பிஎச்.டி.க்கே விஷயம் இருக்கிறது. தாராளமாக வாருங்கள்.

மெட்ஃபிசிக்ஸ்_ராஜா எழுதியது:

நான் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டோஸ் ஆய்வு எங்கள் துறையில் பல காலமாக நடக்கிறது. எம்டிஎஃப், நாய்ஸ் பவர் ஸ்பெக்ட்ரம், டிக்யூஇ என்று இமேஜ் குவாலிட்டியை அளக்கக் கணிதம் வேண்டும். பி.எஸ்சி. ரேடியோகிராஃபி பாடத்திட்டத்தில் அது போதுமான அளவுக்கு இல்லை. எங்கள் எம்.எஸ்சி.யில் சேரலாம் என்றால் பி.எஸ்சி. இயற்பியல் கேட்பார்கள். டோஸ் எண்களைச் சேகரித்து சராசரி போட்டு மட்டும் பேப்பர் எழுதினால் நல்ல இதழ்கள் ஏற்காது. புள்ளியியலும் கொஞ்சம் இயற்பியலும் பலமாகக் கற்றுக்கொண்டு பிறகு இறங்குங்கள். இல்லாவிட்டால் பெயருக்கு ஒரு பட்டம்தான் மிஞ்சும்.

ஃபேண்டம்_மலர் எழுதியது:

ராஜா சார், கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் கோ-கைடு உங்கள் துறைக்காரர்தான். ஆனால் டோஸ் கேள்விகள் எல்லாம் இயற்பியலோடு முடிந்துவிடுவதில்லை.

கொனாட் ஷீல்டு (இனப்பெருக்க உறுப்புகளை மறைக்கும் ஈயத்தகடு) கதையைப் பாருங்கள். 1950-களிலிருந்து இடுப்பு எக்ஸ்ரே என்றால் ஈயத்தகடு வைக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐசிஆர்பி இனப்பெருக்க உறுப்புகளுக்குக் கொடுத்த எடைக் காரணி (கதிர்வீச்சு ஆபத்தில் அந்த உறுப்பின் பங்கு) 1977-ல் 0.25, 1990-ல் 0.20, 2007-ல் 0.08 என்று இறங்கிக்கொண்டே வந்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இதை வழக்கமாக வைக்கத் தேவையில்லை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் அதே திசையில் வழிகாட்டுதல் வந்தது. இதில் இயற்பியலின் பங்கு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் நிஜப் படங்களில் தகடு சரியான இடத்தில் இருந்ததா என்று பழைய படங்களை எடுத்துவைத்து எண்ணிப் பார்த்தவர்கள் ரேடியோகிராஃபர்களும் எலும்பு மருத்துவர்களும்தான். பெண் குழந்தைகளில் சினைப்பை இருக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். தகடு அதை மூடாமல், பார்க்க வேண்டிய எலும்பை மூடியிருந்த படங்கள் ஏராளம். எக்ஸ்போஷரைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏஇசி சேம்பர் மேல் தகடு விழுந்தால் மெஷின் டோஸைக் கூட்டிவிடும், சில சமயம் படத்தையே மறுபடி எடுக்க வேண்டி வரும். பாதுகாக்க வைத்த தகடே டோஸைக் கூட்டுகிறது என்பது அறைக்குள் நிற்பவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

இப்போது அடுத்த கேள்வி: தகடு வைக்காமல் படம் எடுத்தால் குழந்தையின் அம்மா பயப்படுகிறார். அவருக்கு எப்படிச் சொல்வது, எந்த வார்த்தைகளில் சொன்னால் புரிகிறது? இதுவும் ஆராய்ச்சிதான். நேர்காணல் செய்து, பதிவு செய்து, பகுத்துப் பார்க்க வேண்டிய ஆராய்ச்சி. தமிழில் பேசத் தெரிந்த ரேடியோகிராஃபர்தான் இங்கே இதைச் செய்ய முடியும்.

மெட்ஃபிசிக்ஸ்_ராஜா எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கடைசிக் கேள்வி எங்களுக்குத் தோன்றாது. இரண்டு துறையும் சேர்ந்து வழிகாட்டினால் நல்லது. கோவை_சிடி, உங்கள் கல்லூரி பக்கத்தில் கேன்சர் மருத்துவமனை இருந்தால் அங்கே இருக்கும் ஃபிசிசிஸ்டைப் போய்ப் பாருங்கள். அளவீட்டுக் கருவிகள், ஃபேண்டம் எல்லாம் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.

கோட்_குமரன் எழுதியது:

ஏஐ பற்றி: நான் கம்ப்யூட்டர் விஷன் ஆள். செஸ்ட் எக்ஸ்ரே டேட்டா இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனமான என்ஐஎச் 2017-ல் வெளியிட்டதில் மட்டும் 112,120 படங்கள் உண்டு. ஆனால் எங்களுக்குத் தெரியாத பல விஷயங்கள் உங்களுக்குத் தெரியும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

2018-ல் ஓர் ஆய்வு வந்தது. நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஏஐ மாடல்கள், வெளி மருத்துவமனைப் படங்களைக் கொடுத்ததும் பல இடங்களில் சறுக்கின. காரணம் தேடியபோது, படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையே மாடல் அடையாளம் கண்டுகொள்வது தெரிந்தது. ஓர் இடத்தில் நிமோனியா அதிகம், இன்னோர் இடத்தில் குறைவு என்பதால் இடத்தைத் தெரிந்துகொண்டாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. அந்த அடையாளத்துக்கு உதவிய துப்புகளில் ஒன்று, படத்தின் மூலையில் நீங்கள் வைக்கும் இடது வலது மார்க்கர். அதேபோல் நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) என்று குறித்த படங்களில் பலவற்றில் காற்றை வெளியேற்ற ஏற்கனவே டியூப் போட்டிருக்கிறது. மாடல் டியூபைக் கண்டுபிடிக்கிறதா, நோயைக் கண்டுபிடிக்கிறதா?

படம் போர்ட்டபிளில் எடுத்த ஏபியா (முன்னிருந்து பின்னாக), நிற்கவைத்து எடுத்த பிஏவா (பின்னிருந்து முன்னாக), நோயாளி மூச்சை முழுதாக இழுத்தாரா, சாய்ந்திருந்தாரா என்று சொல்ல எங்கள் டீமில் ஆள் கிடையாது. கோட் எழுத ஆள் கிடைப்பார்கள். நீங்கள் பைத்தானில் அடிப்படை மட்டும் கற்றுக்கொண்டால் போதும், டேட்டாவைக் கேள்வி கேட்கிற ஆளாக வாருங்கள். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் டிபி கண்டறிய எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டர் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே பரிந்துரைத்துவிட்டது. படம் மோசமாக எடுக்கப்பட்டிருந்தால் அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்பதை அவரவர் ஊர்ப் படங்களை வைத்துச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

டப்ளின்_தீபா எழுதியது:

கோவை அக்கா, வெளிநாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். பிரிட்டனில் ரேடியோகிராஃபர்கள் சங்கம் 1920-ல் தொடங்கியது. 1980-களில் அங்கே ரெட் டாட் என்று ஒரு பழக்கம் வந்தது. அவசரப் பிரிவு எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தால் ரேடியோகிராஃபர் ஃபிலிமில் சிவப்புப் புள்ளி ஒட்டுவார், அவ்வளவுதான். அது எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஆய்வு செய்து செய்து, பிறகு அதற்கென முதுநிலைப் படிப்பு வைத்து, இன்று பயிற்சி பெற்ற ரேடியோகிராஃபர்கள் தாங்களே ரிப்போர்ட் எழுதும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். கன்சல்டன்ட் ரேடியோகிராஃபர் என்ற பதவியே இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் இல்லாமல் அந்த உரிமை கிடைத்திருக்காது.

ஆனால் இங்கே வந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வேலை பார்க்க, பிரிட்டன் என்றால் எச்சிபிசி, அயர்லாந்து என்றால் கோரு என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு வேண்டும். விரிவுரையாளர் வேலைக்கும் பெரும்பாலும் அந்தப் பதிவைக் கேட்பார்கள், கூடவே பாடம் நடத்துவதற்கான சான்றிதழும். பிஎச்.டி.க்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் மிக அதிகம். ஸ்காலர்ஷிப் அறிவித்த இடத்துக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் முதலில் கிளினிக்கல் வேலையில் சேர்ந்து, பகுதி நேரமாகச் செய்யலாம். நான் இரண்டாவது வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன். களைப்பாகத்தான் இருக்கும்.

அல்ட்ராசவுண்டில் ஆராய்ச்சி ஆசை இருந்தால் மட்டும் யோசிக்காமல் வெளியே வாருங்கள். இங்கே ரேடியோகிராஃபர்கள் சோனோகிராஃபராகப் பயிற்சி பெறலாம். இந்தியாவில் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 பிசிபிஎன்டிடி சட்டத்துக்குப் பிறகு கர்ப்பகால ஸ்கேன் டாக்டர்கள் கையில் மட்டும்தான். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம் அது, அதன் தேவையை நான் குறை சொல்லவில்லை.

யாழ்_கதிர் எழுதியது:

வணக்கம். இலங்கையில் இருந்து ஒரு சின்னத் தகவல். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராஃபிக்கு நாலு வருடச் சிறப்புப் பட்டம் இருக்கிறது. கடைசி வருடம் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்துதான் வெளியே வர வேணும். எங்களுடைய ஆய்வுகள் சின்னவைதான், ஆனால் எதிக்ஸ் (ஆய்வு நெறிமுறை) விண்ணப்பம் எழுதுவது, தரவு சேகரிப்பது எல்லாம் கைக்குப் பழகிவிடும். அக்கா படிப்பிக்கப் போகிற கல்லூரியிலும் பிள்ளைகளை இப்படிப் பழக்கலாம். ஒரு வகுப்பே சேர்ந்து பல ஆஸ்பத்திரிகளில் ஒரே படிவத்தில் தரவு எடுத்தால் பெரிய ஆய்வாக வரும்.

திரும்பி_வந்தவன் எழுதியது:

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நான் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்துவிட்டு மருத்துவமனைக்கே திரும்பி வந்தவன். என் பக்கத்தையும் கேளுங்கள்.

சேரும்போது ஆராய்ச்சிக்கு நேரம் தருவோம் என்றார்கள். சேர்ந்த பிறகு வாரம் முழுக்க வகுப்பு, மிச்ச நேரத்தில் அட்மிஷன் வேலை, ஆய்வுக் குழு வருகிறது என்று ஃபைல் தயாரிக்கும் வேலை. கல்லூரிக்கென்று சொந்தமாக ஓர் எக்ஸ்ரே மெஷின்கூட இல்லை. மருத்துவமனைக்குள் போக ஒவ்வொரு தடவையும் அனுமதிக் கடிதம். நான் எழுதிய கட்டுரையில் என் பெயர் நாலாவதாக வந்தது, மேலே இருந்த பெயர்களில் ஒன்றிரண்டு பேர் தரவைப் பார்த்ததுகூட இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அமைப்பிலும் குறை இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் நமக்கென்று ஒரு பாடம் கிடையாது, அதனால் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை நமக்கு எட்டாக்கனி. நம் துறையிலேயே பிஎச்.டி. முடித்த கைடு கிடைப்பதும் அரிது. 2021-ல் அலைட் ஹெல்த் ஆணையச் சட்டம் வந்தது பெரிய விஷயம்தான், ஆனால் அதன் பலன் கீழே வகுப்பறை வரைக்கும் வந்து சேர வேண்டும்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எந்த மருத்துவமனை மெஷினைத் தொடலாம், எதிக்ஸ் கமிட்டியில் முதன்மை ஆய்வாளராக நீங்களே விண்ணப்பிக்கலாமா, கட்டுரையில் ஆசிரியர் வரிசையை யார் தீர்மானிப்பது. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

டார்க்ரூம்_சீனியர் எழுதியது:

தம்பி எழுதியதைப் படித்து மனது கஷ்டப்பட்டது. அந்தக் கல்லூரி ஒரு நல்ல ஆசிரியரை இழந்துவிட்டது. அம்மா, தம்பி சொன்ன கேள்விகள் அத்தனையையும் அப்படியே எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கோவை_சிடி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. திரும்பி_வந்தவன் அண்ணாவின் கேள்விகளைக் கல்லூரி முதல்வரிடம் நேரில் கேட்டேன். வாரத்தில் ஒரு முழு நாள் இணைப்பு மருத்துவமனையில் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். முதன்மை ஆய்வாளர் விஷயத்தில் கொஞ்சம் தயங்கினார், ரேடியாலஜி ஹெச்ஓடியிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். எழுத்தில் கேட்டிருக்கிறேன். அது வந்தால் சேர்ந்துவிடுவேன், வராவிட்டால் இன்னொரு கல்லூரி பார்ப்பேன். பாடம் சொல்லிக்கொடுப்பதா வேண்டாமா என்ற குழப்பம் இப்போது இல்லை.

அதற்குள் இங்கேயே ஒரு சின்ன வேலை தொடங்க ஆசை. எங்கள் டிஆர் அறையில் ரிஜெக்ட் ஆன (சரியில்லை என்று ஒதுக்கிய) படங்களை எண்ணிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் எதிக்ஸ் கமிட்டி செயலாளரிடம் விசாரித்தேன், நோயாளி பெயர் இல்லாத பழைய தரவு என்றால் தனித்தனியாக ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், ஆனால் விண்ணப்பம் கட்டாயம் போட வேண்டும் என்றார். எப்படித் தொடங்குவது? யார் எடுத்த படம் என்றும் குறித்துக்கொள்ளலாமா?

ஃபேண்டம்_மலர் எழுதியது:

அருமையான தொடக்கம். முதலில் காரணப் பட்டியலை முடிவு செய்துகொள்ளுங்கள்: பொசிஷன் தப்பு, எக்ஸ்போஷர், நோயாளி அசைந்தது, ஆர்ட்டிஃபாக்ட் (படத்தில் விழும் வேண்டாத தடம்), மார்க்கர் அல்லது ஆள் மாறியது. 'மற்றவை' என்ற பட்டனை முடிந்தவரை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லோரும் அதையே அழுத்துவார்கள். க்யூஏ டெஸ்ட் (மெஷின் தரச் சோதனை) படங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலில் ரிஜெக்ட் விகிதத்துக்கு இலக்கு 8 சதவீதம், 10-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும் என்று இருக்கிறது. உங்களுக்கு 2 சதவீதம் வந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். மோசமான படங்களையும் அப்படியே அனுப்புகிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். எத்தனை படங்கள் ரிஜெக்ட் என்று மட்டும் பார்க்காமல் எந்த வியூவில் (எந்த உறுப்பை, எந்தப் பக்கமிருந்து எடுத்தது) என்றும் பிரியுங்கள். முழங்கால் லேட்டரலும் (பக்கவாட்டுப் படம்) செர்விகல் ஸ்பைனும் (கழுத்து முதுகெலும்பு) ஒரே கணக்கில் வரக் கூடாது.

டார்க்ரூம்_சீனியர் எழுதியது:

டெக்னீஷியன் பெயர் வேண்டவே வேண்டாம் அம்மா. பெயர் எழுதுகிறார்கள் என்று தெரிந்த அன்றே ரிஜெக்ட் படங்கள் எல்லாம் 'டெஸ்ட் பேஷன்ட்' ஃபோல்டருக்குப் போய்விடும், உங்கள் கணக்கில் ஒன்றும் மிஞ்சாது. ஷிஃப்ட் மட்டும் குறியுங்கள், காலையா ராத்திரியா என்று. தொடங்குவதற்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து, இது யாரையும் மாட்டிவிட இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். முதல் மாதக் கணக்கு வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.